பல்செட் அக்கா

மயிலாப்பூர் கச்சேரி சாலையிலிருந்து பிரிகிற ஒரு சந்தில், ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் அஃப்சருன்னிசாவின் லேப் இருக்கிறது. ரத்தப் பரிசோதனை லேப் என்று நினைத்துக்கொண்டு காலையில் வெறும் வயிற்றோடு படியேறி வந்தவர்கள் உண்டு. அவர்களுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து, மூச்சு வாங்கி முடித்ததும், “இங்க ரத்தம் எடுக்கறதில்லீங்க, பல்லு கட்டறோம்” என்று சொல்லி அனுப்புவாள். பல் டாக்டர்கள் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார்கள். அதை வைத்துப் பல்செட் செய்து கொடுப்பது அவள் தொழில். சந்தில் அவளுக்குப் பெயர் பல்செட் அக்கா. அஃப்சருன்னிசா என்று முழுசாகச் சொல்ல இந்த ஊரில் யாருக்குப் பொறுமை இருக்கிறது?

செட் என்கிற இந்த இங்கிலீஷ் வார்த்தை அவளைப் பிறந்ததிலிருந்து விட்டதில்லை. அவள் அப்பா உமர் ஃபாரூக் ராயப்பேட்டையில் மைக் செட் வாடகைக்கு விட்டவர். மீலாது ஊர்வலமா, ஆடி மாதக் கூழா, காதுகுத்தா, கட்சிக் கூட்டமா, எதற்கும் அவர் செட்தான். அதனால் அவள் வளர்ந்த வீடு மைக் செட் பாய் வீடு. பள்ளிக்கூடத்தில் அவளோடு சுற்றிய நாலு பெண்களை டீச்சர்கள் ‘அந்த செட்’ என்றார்கள். அந்த செட்டோடு சேராதே என்று மற்ற பெண்களுக்குப் புத்திமதி வேறு. வீட்டுக்கு டிவி செட் வந்த அன்று தெருவே வந்து உட்கார்ந்தது. ஹோட்டலுக்குப் போனால் அவளுக்கு செட் தோசை. பெருநாளுக்கு வளையல் ஒரு செட், கம்மல் ஒரு செட். கடைசியில் கல்யாணத் தரகர் வந்து, “இந்த இடம் நல்லா செட் ஆகும் பாய்” என்று சொல்லி முதஸ்ஸிரைக் காட்டினார்.

இரண்டு வருஷத்தில் முதஸ்ஸிர் பெங்களூருக்குப் போய்விட்டான். கைக்குழந்தை சிம்ராவோடு அவள் அப்பா வீட்டுக்குத் திரும்பினாள். ஏன், என்ன ஆயிற்று என்று கேட்ட அத்தனை பேருக்கும் அவள் சொன்ன பதில் ஒன்றுதான்: “செட் ஆகல.” அதற்கு மேல் யாராலும் ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை. அவ்வளவு கசப்பையும் உள்ளே போட்டு மூடி வைக்க ஒரு சின்ன வார்த்தை கிடைத்தால், அது வெள்ளைக்காரன் விட்டுப்போனதாக இருந்தால்தான் என்ன, எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

பிறகு ஒரு பல் லேபில் எடுபிடி வேலைக்குச் சேர்ந்து, தொழிலைக் கற்றுக்கொண்டு, இன்று இந்த மாடி அவளுடையது. இங்கேயும் பொழுது விடிந்தால் அதே வார்த்தைதான். அச்சில் ஊற்றிய பிளாஸ்டர் செட் ஆக வேண்டும். பற்கள் அட்டையில் செட் செட்டாக வரும். மெழுகில் ஒவ்வொரு பல்லாக நிறுத்துவதற்குப் பெயர் செட்டிங். எல்லாம் முடிந்து வெளியே வந்தால் அது ஃபுல் செட்.

சிம்ரா இப்போது கல்லூரியில் இங்கிலீஷ் இலக்கியம் படிக்கிறாள். ஒரு இங்கிலீஷ் வார்த்தையை எடுத்துக்கொண்டு, அது நம் ஊரில் என்னென்ன பொருளில் புழங்குகிறது என்று கேட்டு வரச் சொல்லியிருந்தார்கள். மற்ற பெண்கள் யோசித்துக்கொண்டிருந்தபோது இவள் யோசிக்கவே இல்லை. தோசைக் கடை, நகைக் கடை, சலூன் என்று போகிற இடமெல்லாம் போனை நீட்டிப் பதிவு செய்தாள்.

“அம்மி, டிக்‌ஷனரில இந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் பக்கம் பக்கமா அர்த்தம் போட்டிருக்கான். சூரியன் மறையறதும் செட்டாம்.”

“சூரியனுக்கு இன்னாத்துக்குடி செட்டு? அதுக்குப் பல்லா கீது?”

“சிரிக்காத. ஆனா நம்ம ஊர்ல ‘செட் ஆகல’ன்னு சொல்றோமே, நம்ம சொல்ற மாதிரி அதுல இல்ல.”

“அவன் ஊர்ல எல்லாருக்கும் செட் ஆயிடிச்சு போல” என்று சொல்லிவிட்டு அஃப்சர் வெங்காயத்தை நறுக்கப் போய்விட்டாள்.

அவள் தொழிலில் ஒரு வழக்கம் வைத்திருந்தாள். பல்செட் முடிவதற்கு முன்னால் ட்ரையல் என்று ஒன்று உண்டு. மெழுகில் நிறுத்திய பற்களை அப்படியே வாயில் வைத்துப் பார்ப்பார்கள். முகத்துக்குப் பொருந்துகிறதா, பேச்சு சரியாக வருகிறதா என்று பார்த்த பிறகுதான் மெழுகை எடுத்துவிட்டு உறுதியான பொருளில் வார்ப்பார்கள். ட்ரையல் டாக்டரின் வேலை. லேப்காரர்கள் அந்தப் பக்கம் போவதில்லை. அஃப்சர் போவாள். மந்தைவெளியில் கிளினிக் வைத்திருக்கும் டாக்டர் தமிழ்மாறன் அவளுக்கென்று ஒரு ஸ்டூல் போட்டு வைத்திருக்கிறார். அவர் எல்லோரையும் இங்கிலீஷில் அறுபதிலிருந்து எழுபது வரை எண்ணச் சொல்வார். காற்று பற்களுக்கு நடுவே எப்படிப் போகிறது என்று அதில் தெரிந்துவிடும். எண்ணி முடித்ததும் அஃப்சர் தன் பங்குக்கு ஒன்று கேட்பாள்: “வீட்டுல நீங்க யாரை அதிகமா கூப்பிடுவீங்க? அவங்களக் கூப்பிடற மாதிரி ஒருக்கா கூப்பிடுங்க.”

இதைக் கேட்டதும் யாராக இருந்தாலும் முகம் மாறும். எண்ணும்போது விறைப்பாக இருந்த வாய் அப்போதுதான் தன் பாட்டுக்கு அசையும். கே.கே. நகரிலிருந்து வந்த ஒரு பெரியவர், பக்கத்தில் மனைவி உட்கார்ந்திருக்க, வாய் நிறைய நாயைக் கூப்பிட்டார். வீடு போய்ச் சேரும்வரை அவருக்கு என்ன கிடைத்தது என்பது நமக்குத் தெரியாது. பேச்சு மட்டும் சுத்தமாக வந்தது.

சூடாமணி மாமி கிளினிக்குக்கு வந்தது பங்குனித் திருவிழாவுக்குக் கொஞ்சம் முன்னால். வடக்கு மாட வீதிக்குப் பின்னால் ஒரு பழைய அடுக்ககத்தில் மாமியும் அவர் கணவர் ஸ்ரீரங்கனும் மட்டும் இருக்கிறார்கள். போன வருஷம் மாமிக்கு மிச்சமிருந்த பற்களையும் எடுத்தாகிவிட்டது.

“முறுக்கு திங்கறதுக்காக வரலம்மா” என்றார் மாமி, வந்து உட்கார்ந்ததும். பல்லில்லாத வாயில் வார்த்தைகள் வழுக்கின. “எங்காத்து மாமாவுக்கு ஞாபகம் போயிண்டே இருக்கு. மொகமெல்லாம் மறந்துடுத்து. குரலை வெச்சுத்தான் கண்டுபிடிப்பார். பல்லைப் பிடுங்கினதும் என் குரலே மாறிப்போச்சு. சாப்பிடக் கூப்பிட்டா, ‘எங்காத்துல வெளில போயிருக்கா மாமி, அவ வரட்டும், சாப்பிடறேன்’ங்கறார். நான்தான்னா, நான்தான்னா-ன்னு கத்தறேன். கையெடுத்துக் கும்பிடறார்.”

டாக்டர் தன் நாற்காலியை மாமிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“எங்கண்ணா பொண்ணு ஷ்ரேயா பெருங்குடில வேலை பாக்கறா. காலம்பற ஆபீஸ் போறச்சேயும், சாயங்காலம் வந்தும் அவதான் சாப்பிடப் பண்றா. அவ பேச்சைக் கேக்கறார். அடுத்த மாசம் அவளைப் புனேக்கு மாத்தறா. அதுக்கப்பறம் யார் சொன்னா சாப்பிடுவார்?”

மனைவி வராமல் சாப்பிட மாட்டேன் என்று ஒரு மனிதர் மத்தியானமெல்லாம் பட்டினி கிடக்கிறார். அந்த மனைவியோ கையில் தட்டோடு எதிரிலேயே நிற்கிறார். எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் முடித்துக் கொடுக்கிறேன் என்றாள் அஃப்சர்.

கிளம்பும்போது மாமி அவளைத் தனியாக ஓரத்துக்கு இழுத்தார். “பல்லு வரிசையா, அழகா வெச்சுடும்மா. எனக்கு அந்த நாள்ல அவ்வளவு நன்னா இருக்காது. இந்த ஒரு தரமாவது நன்னா இருந்துட்டுப் போறேனே.”

வரிசையான பல் என்றால் அஃப்சருக்கும் உயிர். உட்கார்ந்து, முத்து கோத்ததுபோல நிறுத்தினாள்.

ட்ரையல் அன்று மாமி கண்ணாடியைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார், சந்தோஷத்தில். அறுபது முதல் எழுபது வரை கணீரென்று வந்தது. அஃப்சர் வழக்கம்போல் கேட்டாள்.

“நான் யாரைக் கூப்பிடுவேன்? அவரைத்தான்.”

“அப்ப அவரு பேரச் சொல்லுங்க மாமி.”

மாமிக்கு முகம் சிவந்துவிட்டது. “பேரா? அதெல்லாம் சொல்ல மாட்டேன்.”

“வேற எப்படிக் கூப்பிடுவீங்க?”

“ஏன்னா-ன்னு கூப்பிடுவேன்.”

“அப்டியே கூப்பிடுங்க.”

“ஏன்னா!” என்றார் மாமி. டாக்டர் சிரித்துவிட்டார். வார்க்கலாம் என்று அவரே சொன்னார்.

தவறு அங்கேதான் நடந்தது. ‘ஏன்னா’ என்று கூப்பிடப் பல்லே தேவையில்லை. பச்சைக் குழந்தைகூடச் சொல்லிவிடும். வேறு யாராவது இருந்தால் அஃப்சர் இன்னும் நாலு வார்த்தை பேசச் சொல்லிக் கேட்டிருப்பாள். ஆனால் அவளும் புருஷன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டவள் இல்லை. சேர்ந்து இருந்த காலத்தில் உருதுவில் ‘சுனியே’, அதாவது ‘கேளுங்க’; பிரிந்த பிறகு ‘சிம்ரா அப்பா’. இன்னொரு பெண்ணின் வெட்கத்தைத் தாண்டி உள்ளே போய்க் கேட்க அவளுக்கு மனம் வரவில்லை. மரியாதை தெரிந்தவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு இது.

செட் போய்ச் சேர்ந்தது. ஒரு வாரம் கழித்து, மதிய வேளையில், படியில் யாரோ நின்று நின்று ஏறும் சத்தம் கேட்டது. வெறும் வயிற்றுக்காரர்கள் மதியம் வருவதில்லையே என்று அஃப்சர் எட்டிப் பார்த்தாள். மாமி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, அழகான பற்களோடு நின்றார். கண் கலங்கியிருந்தது.

“வாங்க மாமி, உக்காருங்க. குத்துதா? புண்ணு ஆயிடிச்சா?”

“ஒண்ணும் குத்தலை. ரொம்ப நன்னா இருக்கு. கோயில்ல எல்லாரும் கேக்கறா.” மாமி மூச்சு வாங்கினார். “அவர்தான்… முன்னே மாமின்னாவது சொல்லிண்டிருந்தார். இப்போ, ‘நீங்க ரேடியோல பேசறவாளா?’ங்கறார். சாப்பிட வாங்கோன்னா, வாசலைப் பாத்துண்டே உக்காந்திருக்கார்.”

அஃப்சர் ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தாள். “முன்னாடி எப்படிப் பேசுவீங்க மாமி?”

“எல்லாரும் பேசற மாதிரிதான்.”

தன் குரல் எப்படி இருந்தது என்று யாருக்குத்தான் தெரியும்? “பழைய போட்டோ ஏதாவது கீதா? பல்லு தெரியற மாதிரி?”

மாமி தலையாட்டினார். கல்யாணத்துக்கு முன்பே அவர் அம்மா சொல்லிக் கொடுத்துவிட்டாராம், போட்டோ எடுத்தால் வாயைத் திறக்காதே என்று. அன்றிலிருந்து எந்தப் படத்திலும் திறக்கவில்லை. பேத்திகளுடன் எடுத்த படத்தில்கூட உதட்டை இறுக்கிக்கொண்டுதான் நிற்கிறார்.

“ஏன் அப்டி?”

“முன்பல்லு ரெண்டுக்கும் நடுவுல சந்து. பக்கத்துப் பல்லு வேற அது மேல கால் போட்டுண்டு நிக்கும். எங்காத்துல எல்லாரும் கேலி பண்ணுவா.” மாமி சட்டென்று நிறுத்தினார். “அதைத்தான் நான் உங்கிட்ட சொல்லவே இல்லை.”

அஃப்சர் ஷ்ரேயாவுக்குப் போன் போடச் சொன்னாள். பல் எடுப்பதற்கு முன்னால் அத்தை அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் எதையாவது வைத்திருக்கிறாளா என்று கேட்டாள். வைத்திருக்கிறாளாவது! வத்தக்குழம்புக்கு ஒன்று, ரசத்துக்கு ஒன்று, ஜலதோஷத்துக்கு ஒன்று என்று ஷ்ரேயா எதையும் அழிக்காமல் வைத்திருந்தாள். ஐந்து நிமிஷத்தில் வந்து விழுந்தன.

“ஷ்ரேயா, சுண்டைக்காயைச் சிவக்க வறுத்துக்கோ, சாம்பார் பொடி கொஞ்சம்தான் போடணும்…”

ஒவ்வொரு ‘ச’விலும் ஒரு மெல்லிய விசில் கேட்டது. ஜன்னல் இடுக்கில் காற்று நுழைகிற சத்தம் அளவுக்குத்தான், ஆனால் ஒரு இடம்கூட அது தப்பவில்லை. மைக் செட் பாய் வீட்டில் பிறந்தவள் அவள். ஸ்பீக்கர் ஊ என்று கத்தினால் எந்தக் கம்பத்து ஸ்பீக்கர் என்று அப்பா தெருமுனையிலிருந்தே சொல்வார். அந்தக் காது கொஞ்சம் அவளுக்கும் உண்டு. இத்தனை வருஷமாக அவள் கற்ற வித்தையெல்லாம் இந்த விசிலை ஒழிக்கத்தான். விசில் வந்தால் லேபுக்கு அவமானம் என்று நினைத்தவள், இப்போது அந்த விசிலை விலை கொடுத்தாவது வாங்கிக்கொண்டு வர வேண்டும் என்ற நிலைமைக்கு வந்திருந்தாள்.

“மாமி, பழைய கோணப் பல்லையே வெச்சாத்தான் பழைய பேச்சு வரும்.”

மாமி மேஜையிலிருந்த சின்னக் கண்ணாடியை எடுத்தார். பற்களைக் காட்டிப் பார்த்தார். இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்தார். பாவம், ஒரு வாரம்தான் அந்த அழகு. அஃப்சர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“இதை என்ன பண்ணுவே? திருப்பி எடுத்துண்டுடுவியா?”

“ஐயோ, அது உங்களுது மாமி.”

“அப்போ ஒண்ணு பண்ணலாம்” என்றார் மாமி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. “கல்யாணம் கார்த்திகைன்னு வெளில போனா இந்த செட்டு. ஆத்துல அந்த செட்டு. எல்லாரும் நகைதான் ரெண்டு செட் வெச்சுண்டிருக்கா. நான் பல்லு வெச்சுக்கறேன்.”

டாக்டரிடம் சொன்னபோது அவர் ஒரு நொடியும் யோசிக்கவில்லை. “நானும்தானே ஓகே சொன்னேன். மறுபடி அச்சு எடுப்போம். ஆனா இந்தத் தடவை ட்ரையல் இங்க வேணாம். அவங்க வீட்டுலயே வெச்சுக்கலாம், நானும் வரேன்” என்றார்.

நேராக நிறுத்துவது பழக்கம். கோணலாக நிறுத்துவதுதான் பெரும்பாடு. கை தானாகவே பல்லை வரிசைக்குத் தள்ளியது. அஃப்சர் போனில் வத்தக்குழம்பை ஓடவிட்டாள், கேட்டாள், பல்லைக் கொஞ்சம் நகர்த்தினாள், திரும்ப ஓடவிட்டாள். வீட்டுக்கும் கொண்டுவந்து உட்கார்ந்தாள். சிம்ரா பக்கத்தில் படித்துக்கொண்டிருந்தாள்.

“அம்மி, அந்தக் குழம்பு எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சு. நாளைக்கு நானே வெச்சிடுவேன்.”

“வெய்யி. நானும் ஒரு நாள் உக்காந்து சாப்பிடறேன்.”

ஷ்ரேயா புனேக்குக் கிளம்பிப் போன மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலை, டாக்டரும் அஃப்சரும் மாமி வீட்டுக்குப் போனார்கள். ஸ்ரீரங்கன் கூடத்தில் நாற்காலியில், துவைத்த வேட்டியும் நெற்றியில் மெல்லிய திருமண்ணுமாக, வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். இவர்களைப் பார்த்ததும் எழுந்து நின்று வரவேற்றார்.

“வாங்கோ, வாங்கோ. எங்காத்துல வெளில போயிருக்கா. இப்போ வந்துடுவா. வந்ததும் காபி தரச் சொல்றேன்.”

அடுக்களையில் டாக்டர் மெழுகுப் பற்களை மாமியின் வாயில் வைத்தார். இரண்டு தரம் எடுத்துச் சரிபார்த்துவிட்டு நகர்ந்துகொண்டார். தட்டில் சாதம் ஆறிக்கொண்டிருந்தது. அஃப்சர் மாமியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“கூப்பிடுங்க மாமி. தினம் கூப்பிடற மாதிரி.”

“ஏன்னா,” என்றார் மாமி. நிறுத்தினார். “சாதம் போட்டுட்டேன், சாப்பிட வாங்கோ.”

இரண்டு ‘சா’விலும் அந்த விசில் இருந்தது. கூடத்தில் நாற்காலி நகர்ந்தது. காலடிகள் அடுக்களைப் பக்கம் வந்தன. ஸ்ரீரங்கன் நிலைப்படியில் நின்று மாமியைப் பார்த்தார். முகத்தில் கொஞ்சம் கோபம் இருந்தது. வெகு நேரம் காக்க வைக்கப்பட்டவரின் நியாயமான கோபம்.

“இத்தனை நாழி எங்கடி போய்ட்டே?”

மாமி தட்டை வைத்தார். ஸ்ரீரங்கன் உட்கார்ந்து, பிசைந்து, ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டார். குழம்பில் உப்பு ஒரு கல்லு ஜாஸ்தி என்றார். அந்தக் குறையைக் கேட்டுத்தான் மாமி அழுதார். டாக்டர் தமிழ்மாறன் கூடத்து ஜன்னல் வழியே கோபுரத்தை வெகு அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாப்பிட்டுவிட்டு ஸ்ரீரங்கன் கண்ணயர்ந்தார். அப்போதுதான் அஃப்சருக்கு நெஞ்சில் இடித்தது. இது மெழுகு. வாயிலேயே விட முடியாது. சூடாக ஒரு வாய் காபி குடித்தால் பற்கள் இடம் மாறிவிடும். எடுத்துக்கொண்டு போய் வார்க்க வேண்டும். சாதாரணமாக இரவு முழுக்க வைத்து மறுநாள்தான் கொடுப்பாள். அதுவரை? வந்த மனைவி திரும்பவும் காணாமல் போய்விடுவாளே. இதை எப்படிச் சொல்வது என்று அவள் வாயைத் திறக்கவும், மாமியே பற்களைக் கழற்றிக் குழாயில் அலம்பி, அவள் உள்ளங்கையில் வைத்தார்.

“எனக்குத் தெரியும்மா, டாக்டர் சொல்லிட்டார்.” பல்லில்லாமல் வார்த்தைகள் மறுபடி வழுக்கின. “ஒரு பொழுது நான் மாமியாவே இருந்துட்டுப் போறேன். ராத்திரி சாப்பாட்டுக்குள்ள என்னைக் கொண்டுவந்து குடுத்துடு.”

அஃப்சர் ஆட்டோவில் லேபுக்குப் போனாள். அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் யாரிடமும் பேசவில்லை. பிளாஸ்டர் ஊற்றினாள், செட் ஆகக் காத்திருந்தாள். மெழுகைக் கொதிநீரில் உருக்கி எடுத்தாள், அந்த இடத்தில், இறுகினால் ஈறாகிவிடும் பசையை அடைத்து அழுத்தினாள், கொதிக்கும் நீரில் இறக்கிவிட்டுக் காத்திருந்தாள். அவசரப்பட்டுப் பாதியில் எடுத்தால் எல்லாம் போச்சு. சிம்ரா போன் செய்து, சாப்பிட வரலையா என்றாள்.

“மாமி இன்னும் செட் ஆகலடி. ஆனதும் கொண்டுபோய் விட்டுட்டு வரேன்.”

சிம்ரா அதைப் பதிவு செய்துகொள்ளவில்லை. அது எந்த அர்த்தத்தில் சேரும் என்று அவளுக்கும் கேட்கத் தோன்றவில்லை.

விளக்கு வைத்த பிறகு அஃப்சர் மாட வீதிப் பக்கம் ஏறக்குறைய ஓடினாள். பூக்கடைக்காரி, “இன்னாக்கா, எங்க ஓடறே?” என்று கேட்டதற்கும் நிற்கவில்லை. மாமி கதவை ஒருக்களித்துத் திறந்து வைத்திருந்தார். கூடத்தில் ஸ்ரீரங்கன் அதே நாற்காலியில், வாசலைப் பார்த்தபடி. பக்கத்தில் ஒரு டம்ளர் காபி தொடாமல் ஆறி, மேலே ஆடை கட்டியிருந்தது. அஃப்சரைப் பார்த்து எழுந்து கும்பிட்டார்.

மாமி செட்டை வாங்கிக்கொண்டு அடுக்களைக்குப் போனார். தண்ணீர்க் குழாய் திறந்து மூடிய சத்தம். அப்புறம் சற்று நேரம் ஒன்றுமில்லை.

“ஏன்னா, சாப்பிட வாங்கோ!”

ஸ்ரீரங்கனின் முகம் மலர்ந்தது. “வந்துட்டா” என்று அஃப்சரிடம் சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போனார். தட்டின் முன் உட்கார்ந்தவர், கையை அதில் வைக்காமல் மாமியை நிமிர்ந்து பார்த்தார்.

“நீ போனப்பறம் ஒரு மாமி வந்திருந்தா. மத்தியானம் பூரா எங்கூடவே உக்காந்திருந்தா. நல்ல மனுஷி, பாவம், பல்லுகூட இல்லை. காபி கொண்டுவந்து குடுத்தா, நான்தான் வேண்டாம்னுட்டேன். அவாளும் ஒண்ணும் சாப்பிடலை. போயிருக்க மாட்டா, பாரு. அவாளுக்கும் ஒரு தட்டு வை.”

மாமி இன்னொரு தட்டை எடுத்து அவர் பக்கத்தில் வைத்து, சாதம் போட்டு, வாசல் பக்கம் திரும்பி அஃப்சரைப் பார்த்தார். அஃப்சர் காலையிலிருந்து தண்ணீரைத் தவிர எதையும் வாயில் வைக்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், அந்தத் தட்டின் முன்னால் உட்கார்ந்தாள்.

“கூச்சப்படாம சாப்பிடுங்கோ மாமி” என்றார் ஸ்ரீரங்கன். “இவ வந்துட்டா, பாருங்கோ. இனிமே கவலையில்லை.”